முன்னிருக்கை அலுவலர்

மார்ச் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை, காலை பத்து மணி பதினேழு நிமிடத்துக்கு, மத்திய ரயில் நிலையத்தை ஒட்டிய வாகன நிறுத்தக் கட்டடத்தின் ஏழாவது மாடியிலிருந்து மூன்றாம் எண் பறக்கும் டாக்ஸி விமான நிலையத்துக்குக் கிளம்பியது. உள்ளே நான்கு பேர் இருந்தார்கள். பின்னால் மூன்று பயணிகள். முன்னால் வெள்ளைச் சட்டையும் தோளில் மூன்று பொன்னிறப் பட்டைகளுமாக ஒருவர்.

அந்த ஒருவரை அவர் தெருவில் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். பால் போடுகிறவர்கூட "கேப்டன் வீடு" என்று சொல்லித்தான் பையை மாட்டிவிட்டுப் போவார். பதினான்கு மாதத்துக்கு முன்பு வரை அதே தெரு அவரை டிரைவரண்ணே என்று கூப்பிட்டது. பதினெட்டாம் நம்பர் பேருந்தை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். பறக்கும் டாக்ஸி கம்பெனி ஆள் எடுக்கிறது என்று விளம்பரம் வந்தபோது, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் வரிசையில் நின்றார்.

விளம்பரத்தில் கேட்டிருந்த தகுதிகளைப் படித்தபோதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வயது நாற்பதுக்கு மேல். அமைதியான முகம். பொதுமக்களோடு பழகிய அனுபவம். மீசை இருந்தால் நல்லது. வண்டி ஓட்டத் தெரியுமா என்று அதில் ஒரு வரியும் இல்லை.

கம்பெனியின் கதை இப்படி. முதல் மூன்று வாரம் முன்னிருக்கையில் யாரும் இல்லாமல்தான் வண்டி ஓடியது. எட்டு விசிறிகளையும் கணினியே சுழற்றியது, கணினியே வழி பார்த்தது, ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் ஏழாம் மாடி வரை டிக்கெட்டோடு வந்தவர்கள் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அடடா, அடுப்பை அணைச்சேனான்னு ஞாபகம் இல்லையே" என்று லிஃப்டில் இறங்கிப் போனார்கள். ஒரே நாளில் பதினோரு பேருக்கு அடுப்பு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகுதான் கம்பெனி முன்னால் ஓர் ஆளை உட்கார வைத்து, அவர் முன்னால் விமானத்தில் இருப்பது போன்ற ஓர் ஓட்டுஸ்டிக்கையும் நட்டு வைத்தது. ஒப்பந்தத்தில் அந்த வேலைக்கு முன்னிருக்கை அலுவலர் என்று பெயர்.

பயிற்சி ஆறு நாள். பெல்ட் மாட்டுவது, வாந்திப் பையை எங்கே வைப்பது, கதவு திறக்காவிட்டால் என்ன செய்வது, எப்போது திரும்பிப் பார்த்துச் சிரிப்பது. ஐந்தாம் நாள் ஸ்டிக்கைப் பற்றிப் பாடம்.

"ஏறும்போது லேசா உங்க பக்கம் இழுங்க. இறங்கும்போது தள்ளுங்க. நடுவுல சும்மா பிடிச்சிருந்தாப் போதும். ரொம்ப ஆட்டாதீங்க, பின்னாடி இருக்கிறவங்களுக்குத் தலை சுத்தும்" என்றார் பயிற்சியாளர்.

"இந்த ஸ்டிக்கு எதோட சேர்ந்திருக்கு சார்?" என்று கேட்டார் பேருந்துக்காரர்.

"தரையோட" என்றார் பயிற்சியாளர்.

யாரும் சிரிக்கவில்லை. ஸ்டிக்கின் அடியில் ஒரே ஒரு மின்கம்பி இருந்தது. அலுவலரின் கை அதன்மேல் இருக்கிறதா, எந்தப் பக்கம் சாய்க்கிறது, ஆள் தூங்கிவிட்டாரா என்று பதிவு செய்வதற்கு. வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உண்மையில் வேலை செய்த ஒரே பொருள் தலைக்கு மேலிருந்த சிவப்புப் பொத்தான். அதை அமுக்கினால் கட்டுப்பாட்டு அறை பேசும், சொன்னால் வண்டியைத் திருப்பும். அந்தப் பேச்சு வண்டிக்குள் எல்லோருக்கும் கேட்கும். ஆகவே அவசரம் என்றால் மட்டும் அமுக்க வேண்டும் என்பது விதி. ஸ்டிக்கின் ரகசியத்தை வெளியாட்களிடம் சொல்லக் கூடாது என்பது இன்னொரு விதி.

வீட்டார் வெளியாட்களா என்று ஒப்பந்தத்தில் தெளிவில்லை. பயிற்சி முடிந்து அவர் வீட்டுக்குப் போனபோது, மனைவி புதுச் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து நாற்காலியின் முதுகில் மாட்டி வைத்திருந்தாள். நாற்காலியே எழுந்து நிற்பது போல இருந்தது.

"ஓட்டக் கத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவர் சட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "ம்" என்றார்.

அந்த ஒரு "ம்" பதினான்கு மாதம் வளர்ந்தது. மனைவி அடுத்த வீட்டில் சொன்னாள், அடுத்த வீடு தெருவுக்குச் சொன்னது. மனைவியின் தம்பி பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவன் பணிமனை முழுவதும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரும்போதெல்லாம் குறுக்கு விசாரணை நடத்துவான்.

"மாமா, அதுல கியர் உண்டா?"

"கியர் கிடையாது மாப்ளே."

"கிளட்ச்?"

"அதுவும் இல்ல."

"அப்ப என்னதான் இருக்கு?"

"ஸ்டிக் ஒண்ணு இருக்கு."

"ஒரே ஸ்டிக்கா! நம்ம டிப்போவுல ஜன்னல் கண்ணாடியை ஏத்தவே ரெண்டு கம்பி வேணும். காத்துல வண்டி இழுக்குமா மாமா? கை வலிக்குமா?"

"பழகிப்போச்சு" என்றார் கேப்டன். அக்கா தம்பியின் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். அவளுடைய முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்தபடி அவர் சாதத்தை அளைந்துகொண்டிருந்தார். இன்று சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பார். சாப்பிட்டு முடித்துக் கைகழுவும்போது, அடுத்த ஞாயிறு என்று ஆகிவிடும்.

அந்தத் திங்கட்கிழமை பின்னால் இருந்த மூன்று பேரில் ஒருவன் காதில் கருவி மாட்டிய மருந்துக் கம்பெனி விற்பனையாளன். மற்ற இருவரும் கணவன் மனைவி. கணவர் நாற்பது வருடமாக அச்சகம் நடத்துகிறவர். விரல் நகங்களின் ஓரத்தில் மை தங்கியிருந்தது. நான்கு வருடம் கழித்து மகன் ஊர் திரும்புகிறான். விமானம் பத்தே முக்காலுக்கு. சாலையில் போனால் ஒன்றரை மணி நேரம், மேலே போனால் பதினோரு நிமிடம். வீட்டில் பூட்டுச் சாவியைத் தேடியதில் நேரமாகிவிட்டதால் மேலே வந்திருந்தார்கள்.

அந்த அம்மாள் ஏறும் முன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு மாடிப்படியே ஆகாது தம்பி. பால்கனியில துணி காயப்போடவே கண்ணை மூடிக்குவேன்."

"ஒண்ணும் ஆகாதும்மா. நான் இருக்கேன்ல" என்றார் கேப்டன். இது பயிற்சியின் நான்காம் நாள் பாடம்.

"நீங்க இருக்கீங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டு ஏறினாள். "ஆளில்லாத வண்டின்னா நான் வந்திருக்கவே மாட்டேன். என்ன சொல்றீங்க?" என்று கணவரைப் பார்த்தாள். அவர் முன்னாலிருந்த ஸ்டிக்கை ஆர்வத்தோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திரத்தோடு வாழ்ந்தவர்கள் எந்த இயந்திரத்தையும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

நான்காவது நிமிடத்தில் அச்சகக்காரர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். பிறகு அடுத்ததை. அம்மாள் அதுவரை கண்ணை மூடியிருந்தாள். கணவரின் கை தன் தோளை அழுத்தியதும் திறந்தாள். அவர் முகம் நனைந்த காகிதம் போல வெளுத்திருந்தது.

"என்னங்க? என்னங்க செய்யுது?"

"நெஞ்சு" என்றார்.

"தம்பி! வண்டியை இறக்குங்க! இவருக்கு என்னமோ ஆகுது!" அவள் உயரத்தை மறந்துவிட்டாள். கண்ணாடியோடு முகத்தை வைத்து, "அதோ! அதோ பெரியாஸ்பத்திரி தெரியுது! அங்க இறக்குங்க!" என்றாள்.

இடது பக்கம், வெகு தொலைவில் இல்லை. அரசு மருத்துவமனையின் ஐந்து மாடிக் கட்டடம், அதன் மொட்டை மாடியில் மஞ்சள் வட்டம். பறக்கும் வண்டிகள் இறங்குவதற்காகப் போன வருடம்தான் போட்டது.

கேப்டனின் கை ஸ்டிக்கை முழுக்க இடது பக்கம் சாய்த்தது.

அதை அவர் யோசித்துச் செய்யவில்லை. எட்டு வருடத்துக்கு முன் பதினெட்டாம் நம்பர் பேருந்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தபோதும் அவர் யோசிக்கவில்லை. நாற்பத்தேழு பயணிகளோடு, பக்கவாட்டுக் கண்ணாடி சுவரில் உரச, இதே மருத்துவமனையின் வாசலுக்குள் பேருந்தை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். காவலாளி திட்டினார். உள்ளே குழந்தை பிறந்தது. அன்றைக்குக் கண்ணாடிக்காக விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதை அவர் மடித்துப் பீரோவில் இன்னும் வைத்திருக்கிறார். அந்தக் கைதான் இப்போதும் திருப்பியது.

வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"இதோ, திருப்பிட்டேம்மா" என்று வாய் சொன்னது.

முதல் பத்து நொடி பழக்கம். அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. பத்து நொடிக்குப் பிறகு அவருக்குத் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது ஞாபகம் வந்துவிட்டது. தலைக்கு மேல் சிவப்புப் பொத்தான் இருந்தது. அமுக்கினால் கட்டுப்பாட்டு அறைப் பெண்ணின் குரல் எல்லோர் காதிலும் விழும். "சொல்லுங்க, முன்னிருக்கை" என்பாள். கேப்டன் என்று சொல்ல மாட்டாள். அவர் அவளிடம், வண்டியைக் கொஞ்சம் திருப்புங்கள் என்று கேட்க வேண்டும். பின்னால் இருக்கும் மூன்று பேரும் அதைக் கேட்பார்கள். நான் இருக்கேன்ல என்று சொன்னவர் யார் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இடது கை ஸ்டிக்கைச் சாய்த்தபடியே இருந்தது. வலது கை மடியில் கிடந்தது.

"சார், திரும்பலையே?" என்றான் விற்பனையாளன், காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டு.

"எதிர்க்காத்து. ஒரு வட்டம் போட்டுத்தான் திரும்பணும்."

"சீக்கிரம் தம்பி! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"இதோம்மா. இதோ ஆச்சு."

அவர் ஸ்டிக்கை இன்னும் அழுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டார். பார்க்கிறவர்களுக்கு அவர் வண்டியோடு மல்லுக்கட்டுவது போலத்தான் தெரிந்திருக்கும். நெற்றியில் வியர்வைகூட வந்தது. அது மட்டும் நடிப்பில்லை. மருத்துவமனையின் மஞ்சள் வட்டம் ஜன்னலின் முன்மூலையிலிருந்து நடுவுக்கு வந்தது. நடுவிலிருந்து பின்மூலைக்குப் போனது. பக்கத்துக் கட்டட மாடியில் யாரோ ஒருத்தி போர்வைகளை உதறிக் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் பின்னால் போனாள்.

அப்போதுதான் அவர் பொத்தானை அமுக்கினார்.

"சொல்லுங்க, முன்னிருக்கை."

"மூணாம் நம்பர். பயணிக்கு மாரடைப்பு மாதிரி இருக்கு. பெரியாஸ்பத்திரிக்கு... அங்க போகணும்."

"ஆஸ்பத்திரி திருப்பத்தைத் தாண்டிட்டீங்களே" என்றாள் அந்தப் பெண். பன்னிரண்டு வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறவள். குரலில் குறை எதுவும் இல்லை, கணக்குத்தான் இருந்தது. "எதிரே ஏழாம் நம்பர் வருது. அடுத்த திருப்பம் நீர்த்தொட்டிக்கு மேலதான். அங்க திருப்பிக் கொண்டு வர்றேன். ஏழு நிமிஷம். அவரைப் படுக்க வைக்க முடியுமா பாருங்க."

கேப்டன் திரும்பிப் பார்த்தார். அம்மாளுக்கு எதுவும் காதில் விழவில்லை. கணவரின் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். விற்பனையாளன் அவர் கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்திருந்தான். அச்சகக்காரர் மட்டும் கண்ணைத் திறந்திருந்தார். கண்கள் கேப்டனின் முகத்தில் இல்லை. ஸ்டிக்கில் இருந்தன.

மொட்டை மாடியில் இறங்கியபோது மணி பத்து முப்பத்தொன்று.

மறுநாள் நாளிதழின் ஐந்தாம் பக்கத்தில் செய்தி வந்தது. நடுவானில் பயணிக்கு மாரடைப்பு, வண்டியைத் திருப்பி உயிர் காத்தார் பைலட். புகைப்படத்தைக் கம்பெனிதான் கொடுத்திருந்தது. மைத்துனன் ஆறு பிரதி வாங்கி வந்தான். ஒன்றைப் பணிமனைச் சுவரில் ஒட்டிவிட்டதாகச் சொன்னான். "மாமா, அங்க ஒரு பெருசு, பஸ் ஓட்டுறவன் எல்லாம் பிளேன் ஓட்ட முடியுமான்னு என்கிட்ட வாயடிச்சுக்கிட்டே இருந்தாரு. இன்னிக்கு அவரே பசை எடுத்துக் குடுத்தாரு." மனைவி தன் பிரதியை வெட்டி, பீரோவைத் திறந்து, அந்தப் பழைய விளக்கக் கடிதத்தோடு சேர்த்து வைத்தாள். கேப்டன் அதைப் பார்த்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெறுமனே நின்றார்.

புதன்கிழமை கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி கூப்பிட்டனுப்பினார். வான்போக்குவரத்து வாரியம் வெள்ளிக்கிழமை விசாரிக்கிறது. வாக்குமூலம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. "பயணியின் நிலையை அறிந்த உடனேயே நான் கட்டுப்பாட்டு அறையைத் தொடர்புகொண்டேன்" என்று அதில் இருந்தது.

"உடனே இல்ல சார்" என்றார் கேப்டன்.

"தெரியும். ஸ்டிக்குப் பதிவைப் பார்த்துட்டேன். ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு செகண்ட்." அதிகாரி தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார். "உங்களை நான் ஒண்ணும் கேக்கல. வாரியமும் கேக்காது. ஸ்டிக்குக்கு வேலை இல்லைன்னு தெரிஞ்சாத்தானே அதோட பதிவைக் கேப்பாங்க? கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமை கொண்டு வாங்க. ஊரே உங்களைப் புகழுது. அனுபவிங்களேன்!"

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வியாழக்கிழமை மனைவி ஒரு டஜன் ஆப்பிள் வாங்கி வந்தாள். மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வராவிட்டால் மரியாதையாக இருக்காது என்றாள். அவர் தலைவலி என்றார். மாத்திரை கொடுத்தாள். அப்புறம் சாதாரணச் சட்டையை எடுத்தார். அதை வாங்கிக் கொடியில் போட்டாள்.

"யூனிஃபார்ம்லயே வாங்க. அந்தம்மா பதட்டத்துல உங்க முகத்தைச் சரியாப் பார்த்திருக்க மாட்டாங்க. தோள் பட்டையைப் பார்த்தாத் தெரிஞ்சுக்குவாங்க."

"நானும் வர்றேன் மாமா" என்றான் மைத்துனன். அவன் அன்று விடுப்பே எடுத்திருந்தான்.

மருத்துவமனை வாசலில் காவலாளி சல்யூட் அடித்தார். எட்டு வருடத்துக்கு முன் திட்டியவரா என்று தெரியவில்லை. மூன்றாம் மாடியில் கடைசி அறை. அம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், வெள்ளைச் சட்டையைக் கண்டதும் ஓடி வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நீங்க நல்லா இருக்கணும். அந்த வண்டி திரும்பவே மாட்டேங்குது, நீங்க விடாம மல்லுக்கட்டுறீங்க. நான் கண்ணால பார்த்தேனே! பையன் மருந்து வாங்கப் போயிருக்கான். வந்ததும் உங்க காலைத் தொட்டுக் கும்பிடச் சொல்றேன்."

"அதெல்லாம் வேணாம்மா" என்றார் கேப்டன். அடக்கம் என்று நினைத்து மைத்துனன் அக்காவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

அச்சகக்காரர் தலையணைகளில் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய். நான்கு நாளில் பத்து வருடம் கூடியிருந்தது. கேப்டன் கட்டிலருகே நின்றார். அச்சகக்காரர் கண்ணால் நாற்காலியைக் காட்ட, உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கீங்க சார்?"

"பாதி நெஞ்சு வேலை செய்யுதாம். அச்சடிக்க அது போதும். மாடி ஏறக் கூடாதாம்." மூச்சு வாங்கிக்கொண்டார். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்."

"கேளுங்க சார்."

"கையை முழுசா இடது பக்கம் சாய்ச்சீங்க. வண்டி ஒரு இஞ்ச் அசையல."

"காத்து பலமா இருந்துச்சாம். மாமா சொன்னாரு" என்றான் மைத்துனன், தானே பதில் சொல்லும் உரிமையோடு.

அச்சகக்காரர் அவனைப் பார்த்துப் புன்னகை மாதிரி ஒன்று செய்தார். "தம்பி மெக்கானிக்கா? கையைப் பார்த்தாத் தெரியுது. நானும் நாற்பது வருஷம் மெஷின் பக்கத்துல நின்னவன். ஒரு கைப்பிடிக்குப் பின்னால பாரம் இருந்தா, பிடிச்சிருக்கிற கையில அது தெரியும். மணிக்கட்டுல தெரியும். இவரு கையில பாரமே இல்ல. பல்லுல மட்டும்தான் இருந்துச்சு."

மைத்துனன் மாமாவைத் திரும்பிப் பார்த்தான். பதினான்கு மாத ஞாயிற்றுக்கிழமைக் கேள்விகள் எல்லாம் ஒரே கணத்தில் அவன் முகத்தில் வந்து நின்றன. கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது.

"நான் குத்தம் சொல்லல" என்றார் அச்சகக்காரர். "வண்டி தானா ஓடினா ஓடட்டும். எனக்கு அது பிரச்சனை இல்ல. ஆனா மேல ஒரு சிவப்புப் பொத்தான் இருந்துச்சு. அதைத்தான் கடைசியில அமுக்கினீங்க. அதை ஏன் முதல்லயே அமுக்கல?"

அறையில் ஏதோ கருவி சீராகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கேப்டனின் சட்டைப் பையில் மடித்த காகிதம் நெஞ்சில் குத்தியது. பொத்தான் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லலாம். பதறிவிட்டேன் என்று சொல்லலாம். பாதி உண்மை, எல்லோரும் மன்னித்தும் விடுவார்கள். மனைவி ஆப்பிள் பையை இன்னும் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

"வெட்கமா இருந்துச்சு சார்" என்றார்.

கேப்டன் சட்டைப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அதை அமுக்கினா, நான் ஓட்டலைன்னு உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிடும். ஸ்டிக்கு தரையில நட்டு வெச்சது. எதோடயும் சேரல. என் கையில பொத்தான் மட்டும்தான் இருந்துச்சு. அதையும் ஆஸ்பத்திரி தாண்டுற வரைக்கும் அமுக்கல. முதல்லயே அமுக்கியிருந்தா மூணு நிமிஷத்துல இறங்கியிருப்போம்."

அம்மாள் கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தாள். சற்று முன் அவர் கைகளைப் பிடித்த தன் கைகளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டாள்.

"நான் உங்களை நம்பித்தானே தம்பி ஏறினேன்?"

"ஆமாம்மா. அதுக்காகத்தான் என்னை அங்க உட்கார வெச்சிருந்தாங்க."

அவள் கணவரின் போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள். அவருக்குக் குளிரவில்லை என்று தெரிந்தும் இழுத்துவிட்டாள். அச்சகக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "சரி" என்றார். "கேட்டதுக்குச் சொன்னீங்க." அது மன்னிப்பா, போகச் சொல்வதா என்று கேப்டனுக்குப் புரியவில்லை. எழுந்து வணங்கிவிட்டு வெளியே வந்தார்.

மருந்துப் பையோடு எதிரே வந்த மகன் தோள் பட்டையைப் பார்த்து முகம் மலர்ந்தான். "சார், நீங்கதானே..." என்று நெருங்கினான். "உள்ள போங்க. அம்மா சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டுக் கேப்டன் படியில் இறங்கினார். லிஃப்டுக்காகக் காத்திருக்க முடியவில்லை.

மூவரும் பேருந்தில் திரும்பினார்கள். மைத்துனன் பின்னால் போய் நின்றுகொண்டான். பாதி வழியில் அருகே வந்து, "டிப்போ சுவத்துல ஒட்டினது... நான் கிழிச்சிடுறேன் மாமா" என்றான் மெதுவாக.

"வேணாம் மாப்ளே. பசை குடுத்த பெருசையே கூப்பிட்டு, நீயே விஷயத்தைச் சொல்லிடு. கிழிக்கிறதை அவர் பார்த்துக்குவாரு."

மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஆப்பிள் பை மடியிலேயே இருந்தது, கொடுக்க மறந்துவிட்டாள். தெருமுனை நெருங்கியபோதுதான் அவர் பக்கம் திரும்பினாள்.

"பதினாலு மாசம் அந்தச் சட்டைக்குக் கஞ்சி போட்டேன்" என்றாள்.

"ம்."

"அந்த 'ம்' மட்டும் இனிமே என்கிட்ட சொல்லாதீங்க."

"சரி."

"ஓட்டலைன்னா ஓட்டலைன்னு சொல்லியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்? உட்கார்ந்து சம்பளம் வாங்குறீங்கன்னு சிரிச்சிருப்பேன். ரெண்டு நாள் சிரிச்சிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும். அதுக்குப் பயந்தா அந்த மனுஷன்..." இறங்க வேண்டிய இடம் வந்தது. தெருவில் பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "கேப்டன், பேப்பர்ல பார்த்தேன்!" என்று கத்தினார். அவர் நின்றார். மனைவியும் நின்றாள், சொல்கிறாரா என்று பார்க்க.

"அதுல போட்டிருக்கிறது சரியில்ல" என்றார் கேப்டன். "அது தானா ஓடுற வண்டி. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவசரத்துக்கு அமுக்க வேண்டிய பொத்தானை நேரத்துக்கு அமுக்கல."

பால்காரர் அவரைப் பார்த்தார். அவர் மனைவியைப் பார்த்தார். நகைச்சுவையா என்று தெரியாமல் பாதிச் சிரிப்போடு நின்றார். பிறகு மணியை அடித்துக்கொண்டு போய்விட்டார். இருட்டுவதற்குள் தெரு முழுவதும் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை அவர் சாதாரணச் சட்டையில் வாரிய அலுவலகத்துக்குப் போனார். தட்டச்சு செய்த காகிதத்தின் பின்பக்கத்திலேயே தன் கையால் எழுதினார். "பத்து மணி இருபத்தொரு நிமிடம் நாற்பதாவது நொடியில் ஸ்டிக்கை இடது பக்கம் திருப்பினேன். அது வண்டியோடு இணைக்கப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். பத்து மணி இருபத்து மூன்று நிமிடம் முப்பத்திரண்டாவது நொடியில் பொத்தானை அமுக்கினேன். இடைப்பட்ட நேரத்தில் திருப்புவது போல நடித்தேன். காரணம், பயணிகள் முன் என் கௌரவம் போய்விடும் என்று நினைத்தேன்." விசாரணை அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். கடைசி வரி தேவையில்லை, அடித்துவிடலாம் என்றார். இருக்கட்டும் என்றார் கேப்டன்.

ஸ்டிக்கின் பதிவுகளை வாரியம் கேட்டு வாங்கியது. முன்பே அழைத்திருந்தால் பயணியின் இதயம் எவ்வளவு தப்பியிருக்கும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஜூன் முதல் தேதி முன்னிருக்கை அலுவலர் பணி நீக்கப்பட்டது. முப்பத்தாறு பேர் வேலை இழந்தார்கள். அவர்களில் சிலர் கேப்டனைப் பார்த்தால் இப்போதும் பேசுவதில்லை. ஸ்டிக்குகள் கழற்றப்பட்டன. சிவப்புப் பொத்தான் பயணிகளின் கைக்கு எட்டும் இடத்துக்கு மாற்றப்பட்டது. முதல் வாரம் பயணிகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். ஐந்தாம் வாரம் பழைய எண்ணிக்கை வந்துவிட்டது. முன்னிருக்கையை இப்போது பயணிகளுக்கே தருகிறார்கள். காட்சி நன்றாகத் தெரியும் என்பதால் அதற்குக் கட்டணம் அதிகம்.

அச்சகக்காரர் பத்தொன்பதாம் நாள் வீடு திரும்பினார். மாடியிலிருந்த அச்சகம் கீழ்த்தளத்துக்கு இறக்கப்பட்டது.

கேப்டனை ஆகஸ்டில் பேருந்துக் கழகம் தற்காலிக ஓட்டுநராக எடுத்துக்கொண்டது. பதினெட்டாம் நம்பர் நிறுத்தப்பட்டுவிட்டதால் ஏழாம் நம்பர் கொடுத்தார்கள். அது அரசு மருத்துவமனை வாசலில் நின்று போகும்.